விழுப்புரத்திற்கு இன்னுமொரு பேரங்காடி வேண்டுமா?

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களிலும் குளிரூட்டிய பேரங்காடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருகின்றன. புதிதாக ஒன்று திறக்கப்பெறுந்தோறும், ஊர் வளர்ந்துவிட்டது என்று மகிழ்வார் சிலர். இனி என் கடை என்னாகும் என்று கலங்குவார் பலர். மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருபுறம் இருக்க, இவ்விரு திறத்தாரும் கேளாத வினா ஒன்று உண்டு. ஓர் ஊருக்குக் கடை எதற்காக? ஊரார்க்கு வேண்டிய பொருளை, அவர்கள் வாங்கத்தக்க விலையில், அவர்கட்கு விளங்கும் மொழியில், ஊர்ச்செல்வம் ஊரிலேயே தங்குமாறு கொண்டு சேர்ப்பதற்காக. பொருள், விலை, மொழி, செல்வம் என்னும் இந்நான்கு அளவுகோல்களையும் கொண்டு அளந்தாலன்றி, இன்னுமொரு பேரங்காடி வேண்டுமா வேண்டாவா என்பது விளங்காது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி விழுப்புரம் நகராட்சியில் ஏறத்தாழ 96 ஆயிரம் பேரும், திண்டிவனம் நகராட்சியில் ஏறத்தாழ 73 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். இவை பெருநகரங்கள் அல்ல. ஆயினும் விழுப்புரம் சென்னை, திருச்சிராப்பள்ளி, கடலூர், காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைகளிலிருந்தும் தொடர்வண்டிப் பாதைகள் வந்து கூடும் சந்திப்பு. 1993-இல் தென்னார்க்காட்டினின்று பிரிந்த மாவட்டத்திற்குத் தலைநகர். திண்டிவனமோ சென்னை, திருவண்ணாமலை, புதுச்சேரிச் சாலைகள் பிரியும் கவர்வழி. நாள்தோறும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து போகும் உழவரும் கூலியாளரும் மாணவருமே இவ்வூர்களின் உண்மையான கொள்வோர். பெருமுதலாளிகளின் கண் இவ்வூர்கள்மேல் விழுந்தமைக்குக் கரணியம் இதுவே.

ஓய்மாநாட்டின் பழவணிகம்

கடை என்பது இம்மண்ணிற்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனத்துப் பகுதியே. அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் இன்று கிடங்கல் என்ற பெயரோடு திண்டிவனம் நகருக்குள்ளேயே உள்ளது. அவன் நாட்டு எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் கருதுவர். உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்ற உமணரை அப்பாட்டிலேயே காணலாம். பகலிற் கூடும் நாளங்காடி, இரவிற் கூடும் அல்லங்காடி ஆகிய சொற்களை மதுரைக்காஞ்சி தாங்கி நிற்கின்றது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கடைக்கும் காலத்திற்கும் பெயரிட்டு வணிகம் நடத்திய இனம், இன்று தன் கடைக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கித் தமிழெழுத்தில் எழுதிக் கொள்கின்றது. சொல்லைக் கடன் வாங்கியதோடு நின்றிருந்தால் அது மொழியறிஞர் மட்டும் கவலுதற்குரிய செய்தியாக இருந்திருக்கும். சொல்லோடு சேர்ந்து சரக்கும் வெளியிலிருந்து வரத் தொடங்கியதே பெருங்கேடு.

மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென விரிந்து கிடக்கின்றன. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரும் தொலைவு. ஆனால் பேரங்காடியின் அடுக்குகளில் விளம்பர வலிமையால் முன்னிற்பது குசராத்துக் கடற்கரையில் விளைந்து, பொதியப்பெற்று, ஆயிரம் கல்லுக்கும் மேல் சரக்குந்தில் வந்த உப்பு. உண்ணும் உப்பில் அயோடின் சேர்த்தே விற்றல் வேண்டும் என்பது சட்டம் என்பர். உண்மையே, அதனைச் சேர்த்துப் பொதியும் பணி மரக்காணத்தார் கூட்டுறவாகச் செய்யவொண்ணாத அரும்பெரும் வித்தையன்று. உமணர் மரபு உப்பளத்தில் கூலிக்கு நிற்க, உமணர் நாட்டார் குசராத்து உப்பை விலை கொடுத்து வாங்குகின்றனர் என்றால், பழுது உப்பில் இல்லை. வணிகம் நடக்கும் முறையில் உள்ளது.

உப்புக்குச் சொன்னது மற்றவற்றிற்கும் பொருந்தும். இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும், நெல்லும், கரும்பும், உளுந்தும் விளையும் மண் இது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் உள்ளன. உழவர் தம் மூட்டைகளை அங்கே கொண்டுவந்து எடையிட்டு விற்கின்றனர். அங்கே விற்ற கடலை எங்கோ சென்று எண்ணெயாகி, நெகிழிப் பைக்குள் புகுந்து, பெயர் மாறி, விலை ஏறி, அதே ஊரின் பேரங்காடிக்குத் திரும்பி வருகின்றது. விதைத்தவன் மூட்டைக்குப் பெற்ற விலைக்கும், அவன் மனைவி அவ்வெண்ணெய்க்குக் கொடுக்கும் விலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் பேரங்காடிகளின் அடித்தளம் அமைந்திருக்கின்றது.

மலிவு என்னும் தூண்டில்

பேரங்காடியில் விலை குறைவு என்பதே அதனை வேண்டுவார் கூறும் முதற்சொல். இதனைப் பொய் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. சில பொருள்கள் அங்கே உண்மையிலேயே விலை குறைந்தவைதாம். பெருந்தொகைக்கு ஒருங்கே வாங்குவோனுக்கு ஆலையில் விலை குறைத்துத் தருவர். அவன் வாங்கிய சரக்கிற்குப் பணம் செலுத்துமுன்னரே அச்சரக்கை விற்றுப் பணமாக்கிக் கொள்வான். தன் அடுக்குகளில் கண்ணுக்கு நேரான இடத்தைத் தருவதற்கு ஆலைகளிடமே தனியாகப் பணம் பெறுவதும் அவ்வணிகத்தின் வழக்கம்.

ஆனால் மலிவு எதில், எதுவரை என்று பார்த்தல் வேண்டும். அரிசி, சருக்கரை, பருப்பு போல விலை எல்லார்க்கும் மனப்பாடமாக உள்ள சில பொருள்களின் விலையைக் குறைத்து, அதனைத் துண்டறிக்கையில் அச்சிட்டு ஊரெங்கும் பரப்புவர். அதைக் கண்டு உள்ளே சென்றவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கையில், விலை மனத்தில் நில்லாத நூறு பண்டங்கள் இருபுறமும் கையெட்டும் தொலைவில் இருக்கும். குழந்தை கேட்கும் இனிப்புகள் பணம் செலுத்தும் இடத்தருகே குழந்தையின் கண்மட்டத்திலேயே இருக்கும். இழந்ததை அங்கே ஈட்டிக் கொள்வர். மூன்று பொருள் வாங்கச் சென்றவர் பதின்மூன்று பொருளோடு திரும்புதல் அவர் சோர்வு அன்று. அவ்வாறு திரும்புதற்கென்றே அக்கடை அமைக்கப்பெற்றுள்ளது.

நாட்கூலி பெறும் ஒருவருக்கோ இம்மலிவு எட்டாக்கனி. அவர் மாலையில் பெற்ற கூலியில் கால்கிலோ பருப்பும், நூறு கிராம் எண்ணெயும், பத்து உருபாவிற்குப் புளியும் வாங்குபவர். ஐந்து கிலோப் பொதியில் கிலோவிற்கு இரண்டு உருபா குறைவு என்றால், ஐந்து கிலோ வாங்க வழியுள்ளவருக்கே அக்குறைவு உரியது. கூலி கிடைக்காத நாளில் பேரங்காடியின் எண்பொறி கடன் தருவதில்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரர் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கின்றார். மழைக்காலத்தில் வேலையற்ற வீட்டிற்கு அறுவடை வரையில் பொறுக்கின்றார். ஏழைக்கு அது விலையைக் காட்டிலும் பெரிது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டையுடையார்க்குப் பொது வழங்கல் கடைகளில் விலையில்லா அரிசி தரப்பெறுகின்றது. ஏழையின் முதற்பசியை ஆற்றுவது அக்கடை. மிஞ்சிய தேவையை ஆற்றுவது தெருமுனைக்கடை. இவ்விரண்டிற்கும் இடையில் பேரங்காடி நிரப்பவேண்டிய வெற்றிடம் ஏழைக்கு ஏதும் இல்லை.

வெளியேறும் செல்வம்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விழுப்புரத்தில் 24 ஆயிரம் குடும்பங்கள் இருப்பதாகவும், ஒவ்வொரு குடும்பமும் மளிகைக்கும் காய்கறிக்கும் திங்களுக்கு 4,000 உருபா செலவிடுவதாகவும் வைத்துக்கொண்டால், ஊரின் மொத்தச் செலவு திங்களுக்கு 9 கோடியே 60 இலக்கம். இதில் நான்கில் ஒரு பங்கு வெளியூர்ப் பெருமுதலாளிகளின் கடைகட்குச் சென்றால் 2 கோடியே 40 இலக்கம். கூலி, வாடகை, மின்கட்டணம் ஆகியன போக நூற்றுக்கு ஐந்தே உருபா அவர்க்கு மிஞ்சினும், திங்களுக்கு 12 இலக்கம். ஆண்டுக்கு 1 கோடியே 44 இலக்கம். தெருக்கடையில் ஈட்டிய பணம் கடைக்காரர் மகள் திருமணத்திற்கும், வீடு கட்டும் கொத்தனார்க்கும், பள்ளிக் கட்டணத்திற்கும், கோயில் திருவிழாவிற்கும் என்று ஊருக்குள்ளேயே சுற்றும். பேரங்காடியில் ஈட்டிய பணம் அன்றிரவே கணினி வழியாக மும்பைக்கோ வேறெங்கோ சென்று சேரும். ஊருக்கு மிஞ்சுவது கூலி மட்டுமே.

அக்கூலி வேலையாவது சிறந்ததா? நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்த விற்பனைப் பெண்கள் உட்கார ஓர் இருக்கை பெறுதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அத்திருத்தம் வந்த பின்னரும் எத்தனைக் கடைகளில் இருக்கை உள்ளது, இருப்பினும் அதில் உட்கார எவ்வளவு நேரம் விடுகின்றனர் என்பதைக் கடைக்குள் செல்வோர் தம் கண்ணாலேயே கண்டு கொள்ளலாம். தன் சிறுகடையில் தானே உரிமையாளனாக அமர்ந்திருந்தவனின் மகன், அக்கடை மூடிய பின், பிறன் கடையில் சீருடை அணிந்து நிற்பதை வேலைவாய்ப்பு என்று பெயரிட்டு அழைத்தல், உரிமை பறிபோனதை மறைக்கும் சொல்லேயன்றி வேறன்று.

பெயர்ப்பலகையும் பொதியெழுத்தும்

மூன்றாவது அளவுகோல் மொழி. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டம் 1947-இல் இயற்றப்பெற்றது. அதன்கீழ் 1948-இல் அமைந்த விதிகளுள் 15-ஆவது விதி, கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்றும், பிறமொழி இருப்பின் தமிழே முதன்மை பெறல் வேண்டும் என்றும் கூறுகின்றது. சட்டம் இருக்கின்றது, பலகைகள் இருக்கின்ற நிலையோ அனைவரும் அறிந்தது. ஆங்கிலப் பெயரைத் தமிழெழுத்தில் ஒரு மூலையில் எழுதிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாகக் காட்டிக் கொள்கின்றனர்.

பலகையினும் பெருங்கேடு பொதியில் உள்ளது. பொதியப்பெற்ற பண்டங்கட்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள், பொதியின்மேல் எழுதவேண்டிய செய்திகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழிகளிலும் எழுதலாம் என்று விருப்பத்திற்கு விட்டுவிடுகின்றன. அஃதாவது, திண்டிவனத்தில் செய்து திண்டிவனத்திலேயே விற்கும் பொதியில் தமிழ் ஓரெழுத்தும் இல்லாமல் இருக்கலாம். இந்தியோ ஆங்கிலமோ இல்லாமல் இருத்தல் மட்டும் கூடாது. 2023-இல் நடுவணரசின் உணவுத்தர அமைப்பு தயிர்ப்பொதியின்மேல் இந்திச் சொல்லை எழுதித் தயிர் என்பதை அடைப்புக்குறிக்குள் இடுமாறு ஆணையிட்டதும், தமிழகமும் கருநாடகமும் எதிர்த்த பின்னர் அவ்வாணை திரும்பப் பெறப்பெற்றதும் மறக்கத்தக்கன அல்ல. தயிருக்கே இந்நிலை என்றால், பிற பண்டங்களின் நிலை எத்தகையது?

தெருக்கடையில் இக்கேடு இவ்வளவு வெளிப்படுவதில்லை. என்னை? அங்கே பொருள் வாயால் கேட்டு வாங்கப்பெறுகின்றது. 'நல்லெண்ணெய் இருக்கின்றதா? எப்போது ஆட்டியது? சென்ற முறை கசந்ததே!' என்று தமிழில் கேட்கலாம். தமிழில் விடை வரும். விடை பொய்யாயின் மறுநாள் அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். பேரங்காடியிலோ கேட்பதற்கு ஆள் இல்லை. படித்துக் கொள்ள வேண்டும். படிக்கவேண்டிய எழுத்து ஆங்கிலம். விலைச்சீட்டும் ஆங்கிலம். ஆங்கிலம் அறியாத முதிய பெண்ணொருத்தி, பொதியில் உள்ளது எந்நாள் வரை உண்ணத்தக்கது என்பதைத் தன் பேரப்பிள்ளையைக் கேட்டே அறிய வேண்டியுள்ளது. தன் பணத்தைக் கொடுத்துத் தன் ஊரில் வாங்கும் இடத்திலேயே ஒருத்தி எழுத்தறியாதவள் ஆக்கப்பெறுகின்றாள். இது வணிகச் சிக்கல் மட்டுமன்று. இனத்தின் மானச் சிக்கல்.

சுபிக்சா தந்த படிப்பினை

பேரங்காடி வந்தால் நிலைத்து நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. வளம் எனப் பொருள்படும் வடசொல்லைப் பெயராகக் கொண்ட சுபிக்சா என்னும் நிறுவனம் 1997-இல் சென்னையில் தொடங்கியது. குறைந்த விலை என்பதே அதன் முழக்கம். 2008-ஆம் ஆண்டளவில் இந்தியா முழுதும் ஏறத்தாழ 1,600 கடைகளாகப் பெருகியது. 2009-இன் தொடக்கத்தில் கையில் பணமின்றி அத்தனைக் கடைகளும் மூடப்பெற்றன. வேலை செய்தோர் கூலிக்கும், சரக்குக் கொடுத்தோர் தம் பணத்திற்கும் அலைந்தனர். அதன்பின் பிக்பசார் என்ற பெயரில் நாடெங்கும் கடைகளைப் பரப்பிய பியூச்சர் குழுமம் கடனில் மூழ்கியது. 2022-இல் அதன் கடைகள் பலவற்றை இரிலையன்சு தன் கைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே பியூச்சரின் சில்லறை வணிக நிறுவனம் நொடிப்பு முறைமன்றத்தின் முன் நின்றது.

இங்கே எண்ணத்தக்கது ஒன்று. தெருக்கடை ஒன்று நொடித்தால் ஒரு குடும்பம் துன்புறும். அடுத்த கடை அத்தெருவிற்கு உதவும். பெருநிறுவனம் நொடித்தாலோ ஆயிரம் ஊர்களில் ஒரே நாளில் கதவு மூடும். அதற்குள் அதன் மலிவிற்கு ஈடுகொடுக்க இயலாமல் அருகிலிருந்த சிறுகடைகளும் மூடியிருக்கும். 2006-இல் ஐதராபாத்தில் காய்கறிக்கடை திறந்து இத்துறையிற் புகுந்த இரிலையன்சு, 2025-இல் பல துறைகளிலுமாக 19 ஆயிரத்திற்கும் மேற்பட்ட கடைகளை நடத்துவதாக அறிவித்தது. ஒரே கையில் இத்தனைக் கடைகள் சேரும்போது, உழவனுக்கு விலை சொல்பவனும் உண்பவனுக்கு விலை சொல்பவனும் ஒருவனாகிவிடுவான். அன்று மலிவு இராது.

சாலை அறுந்த நாளில்

2020-இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் கோயம்பேட்டு அங்காடி மூடப்பெற்றது. அங்கே வேலை செய்து ஊர் திரும்பியோர் வழியாக விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோய் விரைந்து பரவியது. அனைத்தும் ஓரிடத்தில் குவிந்தால் நோயும் ஓரிடத்தில் குவியும் என்பதை அது காட்டிற்று. 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருக்கெடுத்து அரசூரில் நெடுஞ்சாலை அறுபட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் தொடர்வண்டிகள் நின்றன. தொலைவிலுள்ள கிடங்கிலிருந்து நாள்தோறும் சரக்குந்து வந்தால்தான் அடுக்கு நிரம்பும் கடை, அத்தகைய நாளில் வெற்றடுக்காகும். ஊருக்குள் ஆயிரம் சிறுகடைகளின் பின்னறைகளில் பிரிந்து கிடக்கும் மூட்டைகளே அன்று ஊரின் களஞ்சியம்.

கடைத்தெருவின் கறை

இவ்வளவும் கூறியதனால் பழைய கடைத்தெரு குற்றமற்றது என்பது கருத்தன்று. எடைக்குறைவும் கலப்படமும் சிறுகடைகளில் உண்டு. கடனுக்கு வாங்குவோர்க்கு விலையை ஏற்றிப் போடுவாரும் உண்டு. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 1978 சூலையில் விழுப்புரத்தில், கடைத்தெருவில் எழுந்த பூசலைத் தொடர்ந்து மூண்ட வன்முறையில், ஒடுக்கப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். தமிழன் தமிழனைக் கொன்ற அக்கறையை அந்நகரின் கடைத்தெரு இன்னும் முற்றக் கழுவிவிடவில்லை. சிற்றூர்க் கடைகளில் சில்லறையைக் கையில் கொடாமல் எறிந்தோரும், பெயர் சொல்லி ஒருமையில் அழைத்து இழிவுசெய்தோரும் இருந்தனர். பேரங்காடியில் எவரும் சாதி கேட்பதில்லை. வரிசையில் நின்றால் அனைவர்க்கும் ஒரே விலை என்று ஒடுக்கப்பட்ட இளைஞர் ஒருவர் கூறின், அவர் கூற்றில் உள்ள உண்மையை மறுத்தல் எவர்க்கும் இயலாது.

ஊர் வணிகர் நெஞ்சில் அறைந்துகொண்டு எண்ணத்தக்க இடம் இது. தமிழன் கடையில் வாங்குங்கள் என்று கேட்கும் உரிமை, தமிழரனைவரையும் ஒப்ப மதிக்கும் கடைக்கே உண்டு. சாதிக்கோர் இருக்கையும் சாதிக்கோர் சொல்லும் வைத்துக்கொண்டு இனத்தின் பெயரால் ஆதரவு கேட்பது ஏமாற்று. பெருமுதலாளியின் பொறி சாதி பாராமைக்குக் கரணியம் அறவுணர்வு அன்று; அதற்கு அனைவர் பணமும் ஒன்றே. ஆயினும் அறத்தால் செய்யவேண்டியதை ஊரார் செய்யாது விட்டமையால், அப்பொறி நல்லது போலத் தோன்றுகின்றது. கடைத்தெருவைக் காக்க விரும்புவார் முதலில் கடைத்தெருவைத் திருத்துதல் வேண்டும்.

பிறநாட்டார் செய்தது

பெருங்கடைகளைக் கட்டுப்படுத்துதல் வளர்ச்சிக்குப் பகை என்பாரும் உளர். வளர்ந்த நாடுகளே அதனைச் செய்தன என்பதை அவர் அறியார். பிரான்சு 1973-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. 40 ஆயிரம் மக்களுக்குக் குறைந்த ஊர்களில் 1,000 சதுர மீட்டருக்கு மேலும், பேரூர்களில் 1,500 சதுர மீட்டருக்கு மேலும் விற்பனைப் பரப்புடைய கடை திறக்க, வட்டாரக் குழு ஒன்றின் இசைவு வேண்டும் என்றது அது. சப்பான் 1973-இல் இயற்றி 1974-இல் நடைமுறைப்படுத்திய பெருங்கடைச் சட்டம், அவ்வூர்ச் சிறுவணிகர் கருத்தைக் கேட்டுக் கடையின் அளவையும் நேரத்தையும் வரையறுத்தது. அமெரிக்காவின் நெருக்குதல் தொடர்ந்து வர, 2000-இல்தான் அது நீக்கப்பெற்றது. அதற்குள் அந்நாடு உலகின் முன்னணிப் பொருளியல்களுள் ஒன்றாகியிருந்தது.

அமெரிக்காவில் அத்தகைய தடை இல்லை. 1962-இல் அர்க்கன்சாசு மாநிலத்தின் உராசர்சு என்னும் சிற்றூரில் முதற்கடை திறந்த வால்மார்ட்டு, சிற்றூர்களையே குறிவைத்துப் பரவியது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கென்னத்து சுடோன் என்னும் பொருளியலறிஞர் 1988 முதல் இதனை ஆய்ந்தார். அக்கடை அமைந்த ஊருக்கு வெளியூர்க் கூட்டம் வந்தது. உணவகம் போன்று அதனோடு போட்டியிடாத கடைகட்கு அதனால் பயனும் விளைந்தது. அது விற்கும் பொருளையே விற்ற ஊர்க்கடைகளோ தேய்ந்தன. சுற்றியிருந்த சிற்றூர்களின் வணிகம் பெரிதும் வற்றியது. இதனை விழுப்புரத்திற்குப் பொருத்திப் பார்த்தால், முதலில் வற்றப்போவது நகரன்று. வளவனூரும் விக்கிரவாண்டியும் கண்டமங்கலமும் மயிலமுமே என்பது விளங்கும்.

இந்தியாவிலோ நிலை விந்தையானது. 2012-இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அயல்நாட்டு முதலீட்டிற்கு நடுவணரசு கதவு திறந்தபோது, 10 இலக்கத்திற்கு மேல் மக்களுள்ள நகரங்களில் மட்டும் என்றும், மாநில அரசு இசைந்தால் மட்டும் என்றும் எல்லை வகுத்தது. அன்றைய முதலமைச்சர் செயலலிதா தமிழ்நாட்டில் அதற்கு இடமில்லை என்றார். நல்லதே. ஆனால் அயலவனுக்கு வகுத்த எல்லை, உள்நாட்டுப் பெருமுதலாளிக்கு ஒன்றேனும் வகுக்கப்பெற்றதா? இல்லை. 96 ஆயிரம் பேர் வாழும் ஊரில் வால்மார்ட்டு கடை திறத்தல் ஆகாது. மும்பை முதலாளி எத்தனைக் கடையும் திறக்கலாம். அந்த வால்மார்ட்டும் 2018-இல் பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கிக் கைப்பேசி வழியாக ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் புகுந்துவிட்டது. 2019-இல் தமிழக அரசு, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரையுடைய கடைகள் இரவும் பகலும் திறந்திருக்க இசைவளித்தது. சிறியோன் உறங்கும் நேரமும் பெரியோனுக்கு வணிக நேரமாயிற்று.

செய்யத்தக்கவை

எனவே விழுப்புரத்திற்கோ திண்டிவனத்திற்கோ இன்னுமொரு பேரங்காடி வேண்டா. வேண்டுவன வேறு.

முதலாவது, உழவர் சந்தையை வலுப்படுத்தல். 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய இத்திட்டம் இவ்விரு ஊர்களிலும் உள்ளது. உழவன் தன் விளைவைத் தானே எடையிட்டு விற்கும் இவ்விடம் காலையில் சில மணி நேரம் மட்டும் உயிர்பெற்று அடங்கிவிடுகின்றது. மாலையிலும் கூடுமாறு செய்து, வாடாமல் காக்கும் குளிர்கிடங்கும், பேருந்தில் மூட்டை ஏற்ற ஏந்தும் செய்து தந்தால், அதுவே நாளங்காடியும் அல்லங்காடியும் ஆகும்.

இரண்டாவது, வணிகர் கூடி வாங்கல். ஆண்டுதோறும் மே 5-ஆம் நாளை வணிகர் நாளாகக் கொண்டாடிக் கடையடைத்து மாநாடு கூட்டும் ஒற்றுமை தமிழக வணிகர்க்கு உண்டு. ஏறுதழுவல் கிளர்ச்சிக்குப் பின் 2017-இல் அயல்நாட்டுக் குளிர்நீர்களை விற்பதில்லை என்று அறிவித்த துணிவும் அவர்க்கு உண்டு. ஒருநாள் கூடிக் கடையடைக்க முடிந்தவர்க்கு, திங்களுக்கு ஒருநாள் கூடிச் சரக்கு வாங்க ஏன் முடியாது? ஐம்பது மளிகைக்கடையினர் ஒரு கூட்டுறவாகி ஒருங்கே வாங்கினால், பெருமுதலாளி பெறும் விலைக்குறைவின் பெரும்பகுதியை அவர்களும் பெறுவர். 1904-இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய நுகர்வோர் கூட்டுறவு நூறாண்டு கடந்தும் நிற்கின்றது. கூட்டுறவு தமிழர்க்கு ஒவ்வாதது என்பார்க்கு அதுவே விடை.

மூன்றாவது, சட்டம். குறிப்பிட்ட பரப்பிற்கு மேற்பட்ட கடை எதுவாயினும், எவருடையதாயினும், நகராட்சி மன்றத்தின் இசைவும் சுற்றியுள்ள ஊராட்சிகளின் கருத்தும் பெற்றே திறக்கப்பெறல் வேண்டும் எனத் தமிழகச் சட்டமன்றம் இயற்றுதல் வேண்டும். அவ்விசைவிற்கு, காய்கறியிலும் உப்பிலும் எண்ணெயிலும் ஒரு பங்கை மாவட்டத்திலேயே வாங்குதல், பணியாளர்க்கு இருக்கையும் உரிய கூலியும் தருதல், பெயரும் விலைச்சீட்டும் தமிழில் அமைத்தல் ஆகிய மூன்றையும் கட்டுப்பாடாக வைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பொதியிலும் தமிழ் கட்டாயம் இடம்பெறுமாறு நடுவணரசின் விதி திருத்தப்பெறல் வேண்டும்.

நான்காவது, கடைக்காரர் தம்மைத் திருத்திக் கொள்ளல். எடை சரியாக இருக்கட்டும். விலை பலகையில் தமிழில் எழுதப்பெறட்டும். எந்தத் தெருவிலிருந்து வந்தவராயினும் 'வாங்க' என்னும் சொல்லோடு வரவேற்கப்பெறட்டும்.

ஐந்தாவது, வாங்குவோர் கடமை. கூலியாளர்க்கு அறிவுரை கூறத் தேவையில்லை. அவர் இன்றும் தெருக்கடையிலேயே வாங்குகின்றார். திங்கட்சம்பளம் பெறும் அலுவலரும் ஆசிரியரும் வங்கிப் பணியாளருமே பேரங்காடியின் தூண்கள். மேடையில் தமிழும் வீட்டில் ஆங்கிலப் பொதியுமாக வாழும் இவர்கள், தம் திங்கட்செலவில் ஒரு பாதியையேனும் உழவர் சந்தைக்கும் ஊர்க்கடைக்கும் திருப்பினால், புதிய பேரங்காடிக்கு இடம் பார்க்க வருவோர் தாமாகவே திரும்பிச் செல்வர்.

ஓய்மாநாட்டின் உப்பு ஓய்மாநாட்டு உலையில் விழட்டும். மல்லாட்டை விளைந்த ஊரிலேயே செக்கு சுழலட்டும். தமிழன் கடையில் தமிழ் ஒலிக்கட்டும். அக்கடையின் முன் தமிழர் அனைவரும் ஒப்ப நிற்கட்டும். இவை நடந்தால் கண்ணாடிச் சுவர்க்குள் ஒளிரும் விளக்குகளைக் கண்டு ஊர் வளர்ந்துவிட்டது என்று எவரும் மயங்கார்.